மூல ஓலை எங்கே?

எங்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லை விலைக்கு வருகிறதென்றால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா?" என்பார்கள். பிறகு மூலப் பத்திரம், பட்டா. அதற்கும் பிறகு, சர்க்கரை ஆலையில் அந்தக் கொல்லையின் கரும்பு யார் பெயரில் பதிவாகி வருகிறது என்ற விசாரணை. கடைசியாகப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் ஒரு வார்த்தை. இத்தனையும் செய்கிற அதே மனிதர்கள், இணையத்தில் ஒரு தளப்பெயரை, அதாவது டொமைனை, முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கும்போது விலை ஒன்றை மட்டுமே பேசுகிறார்கள்.

இதைப் படித்தவுடன் தமிழ் மாணவனுக்குத் திருவெண்ணெய்நல்லூர் நினைவுக்கு வராமல் போகாது. எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை, திருக்கோவலூரைக் கடந்து அந்த ஊருக்குத்தான் போகிறது. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை வழிமறித்து, நீ எனக்கு அடிமை என்று வழக்காடிய கிழவேதியரின் கதையைச் சேக்கிழார் ஏறத்தாழ ஒரு நீதிமன்றக் குறிப்பைப் போலவே எழுதியிருக்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். அவை கலங்கவில்லை, ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு வழக்கை நிறுவுக என்கிறது. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அதன் பின்னும் அவை அப்படியே ஏற்றுவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பு நோக்குகிறது. விற்பவரோ உரிமை கோருபவரோ தாமே நீட்டுகிற ஆவணத்தைக் கொண்டு அந்த ஆவணத்தைச் சோதிக்க முடியாது. அவர் கைபடாத இடத்தில் இருக்கும் இன்னோர் ஆவணம் வேண்டும். தளப்பெயர் வாங்குவோர் அறிய வேண்டியது பெரும்பாலும் இவ்வளவே.

என் பழைய மாணவர் ஒருவர், நம் பக்கத்துச் சிற்றிதழ்களை மின்வடிவில் சேகரித்து வருபவர், சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அருமையான பெயர் ஒன்று கிடைக்கிறது. நாற்பதாயிரம் சொல்கிறார்கள். இரண்டு நாளில் பணம் போட வேண்டுமாம்." அது முன்பு ஒரு சிற்றிதழின் பெயர். (பெயரை இங்கு எழுதுவது முறையன்று.) இதழ் நின்று பல காலம் ஆயிற்று என்பதால், பெயரும் கேட்பாரற்றுப் போயிருக்கும் என்பது அவர் எண்ணம்.

அப்படியும் நடப்பதுண்டு, அது திருட்டன்று. புதுப்பிக்கப்படாத ஒரு .காம் பெயர், பதிவு நிறுவனம் தரும் அவகாசம் கழிந்து, மீட்புக்கான 30 நாள்களும் நீக்கத்துக்கான 5 நாள்களும் முடிந்தபின் பொதுவில் விழும். யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு விழுந்து எழுந்த பெயருக்குப் பதிவேட்டில் முதற்பதிவுத் தேதி புதிதாக இருக்கும். மாணவர் காட்டிய பெயருக்கு அந்தத் தேதி பழையதாகவே இருந்தது. பதிவு நிறுவனம் மட்டும் நான்கு மாதங்களுக்கு முன் மாறியிருந்தது. பதிவு நிறுவனங்கள் ஏலம் விடும் பெயர்களில் பழைய தேதி தொடர்வதும் உண்டு. அப்படியானால் ஏலத்தில் எடுத்த ரசீதைக் காட்டலாமே என்று கேட்கச் சொன்னேன். விற்பவர் அதற்குப் பதில் எழுதவில்லை. விலையை ஐயாயிரம் குறைத்தார்.

இந்த வகைத் திருட்டு இணையத்தின் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. கேரி கிரெமன் 1994இல் பதிந்த செக்ஸ்.காம் என்ற பெயரை, மறு ஆண்டே ஒருவர் பதிவு நிறுவனத்துக்குப் பொய்க் கடிதம் ஒன்றை அனுப்பித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பொய்யோலைதான், வேறென்ன? தளப்பெயரும் சொத்தே, அதைக் கவர்ந்தால் வழக்குத் தொடரலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2003 ஆயிற்று. நம் உச்ச நீதிமன்றம் 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், தளப்பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்றது.

வாங்குபவரின் நிலைமைக்கு எடுத்துக்காட்டு பிடூபி.காம். உரிமையாளர்கள் 2005இல் 1,60,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்த பெயர் அது. மறு ஆண்டு நியூ ஜெர்சி இளைஞர் ஒருவர் அவர்கள் கணக்குக்குள் புகுந்து அதைத் திருடி, ஈபேயில் 1,11,000 டாலருக்கு விற்றார். வாங்கியவர் மார்க் மேட்சன் என்ற புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியாது. இளைஞர் கைதானது 2009இல், ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றது 2011இல். இடைப்பட்ட காலத்தில் உரியவரும் வாங்கியவரும் பட்ட அலைக்கழிவை எண்ணிப் பாருங்கள்.

2021 ஜனவரியில் பெர்ல்.காம் களவு போனது. கணக்கு கைமாறியது அதற்குச் சில மாதங்கள் முன்பே. திருடியவர் அவசரப்படவில்லை, பெயரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி, அதன்பின் 1,90,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தார். மறு மாதமே மீட்டுவிட்டார்கள். உலகெங்கும் நிரலாளர்கள் புழங்கிய பெயர் அது, கூச்சல் எழுந்தது. நம் சிற்றிதழ்ப் பெயர்களுக்கு யார் கூச்சலிடுவார்கள்?

ஆட்சியைச் சோதிப்பதில் ஓர் இடர் இருக்கிறது. விற்பவரிடம் "அந்தத் தளத்தில் நான் சொல்லும் ஒரு சொல்லை இட்டுக் காட்டுங்கள்" என்று பலர் கேட்கிறார்கள். திருடனாலும் அது முடியும், சாவி அவனிடம்தானே இருக்கிறது? கேட்க வேண்டியது நெடுநாள் ஆட்சி. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பார்க்கலாம். ஆவணமோ முன்போல் வாய் திறப்பதில்லை. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஹூயிஸ் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரும் எண்ணும் பெரும்பாலும் மறைந்தே இருக்கின்றன. பழைய பதிவுகளைச் சேமித்து வைத்துக் கட்டணத்துக்குக் காட்டும் சேவைகள் உண்டு. பணத்தை இடையில் நிறுத்திவைக்கும் எஸ்க்ரோ சேவையையும் பயன்படுத்தலாம், ஆனால் அது பெயர் கைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்குமேயன்றி, விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று துருவாது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பொருள்களுக்குச் சொல்லும் பொதுவிதி. பெயருக்கும் நியாயம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் வேபேக் மெஷினில் தேடியபோது, இதழின் பக்கங்கள் ஆண்டுக்கணக்காக வந்து, திடீரென வெறும் விளம்பரப் பக்கமாக மாறியிருந்தது. அயலார் சாட்சிக்கு எங்கே போவது? என் அலமாரியில் அந்த இதழின் அச்சுப் பிரதிகள் சில கிடந்தன. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஆசிரியர் பெயர், முகவரி, தொலைபேசி எண். விற்பவர் கைபடாத ஓலை! பழைய எண்தான், எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நான்காவது மணியில் எடுத்தார். விவரம் சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. "அது என்னிடந்தானே இருக்கிறது? வருஷா வருஷம் கட்டிக்கொண்டுதானே வருகிறேன்?" என்றார். எழுபதைக் கடந்தவர். தளத்தைத் திறந்து பார்த்தே ஓராண்டு ஆகியிருந்தது. பதிவுக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு அவரால் நுழையவே முடியவில்லை. கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருந்தார்கள். இதழின் இருபத்தெட்டு இலக்கங்களை மகன் உதவியோடு தட்டச்சு செய்து அங்கேதான் ஏற்றி வைத்திருந்தாராம். வேறு படி இல்லை.

மாணவர் வாங்கவில்லை. விற்பவர் எழுதிய கடிதங்களை அப்படியே ஆசிரியருக்கு அனுப்பி வைத்தார். ஆசிரியர் பழைய பதிவு நிறுவனத்துக்கும், 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கும் புகார் கொடுத்திருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்த ரசீதுகளை வங்கிக் கணக்கிலிருந்து திரட்டிக்கொண்டிருக்கிறார். பெயர் இன்னும் திரும்பவில்லை. ஆனால் வேபேக் மெஷினில் பத்தொன்பது இலக்கங்கள் முழுமையாகக் கிடைத்துவிட்டன. என் அலமாரியிலிருந்து மூன்று. எஞ்சிய ஆறும் உங்களில் எவரிடமேனும் இருக்கக்கூடும். வடாற்காடு, தென்னாற்காடு மாவட்டச் சிற்றிதழ்களைக் கட்டி வைத்திருக்கும் நண்பர்கள் பரணைச் சற்றுத் துழாவிவிட்டு எனக்கு எழுதுங்கள். இதழின் பெயரைத் தனியே சொல்கிறேன்.