மண் குவளை டீயும் மைதான் அரட்டையும்!

கொல்கத்தா போனால் விக்டோரியா மெமோரியலோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே மைதான், மண் குவளையில் டீ வாங்கிக்கொண்டு சும்மா காது கொடுங்கள். கோடை வந்தால் 'எவன் எந்த கிளப்புக்குத் தாவுறான்?' என்பதுதான் பேச்சு!

கிருஷாணு டே 1985-ல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனதை நேற்று நடந்ததுபோல் அலசுவார்கள். 'அவரை நாங்கதானே ஹீரோ ஆக்கினோம்!' என்று ஒருத்தர் மல்லுக்கு நிற்பார்.

சுனி கோஸ்வாமி பெயர் வந்தால் சத்தம் அடங்கும். மனுஷர் பிறந்தது இன்றைய வங்கதேசத்தில். ஆடியதோ 1954 முதல் 1968 வரை மோகன் பகானுக்கு, தாவவே இல்லை.

எதிரே நிற்கும் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களில் பலர், பிரிவினையில் சொந்த ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஊர்தான் கைவிட்டுப் போச்சு. கிளப்பையும் மாத்திக்கச் சொன்னால் எப்படி சார்?