ஓரியின் மலையில் ஒரு படி சாமை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றையெல்லாம் கடந்தால் சோளக்காடு. அறப்பளீசுவரரைத் தரிசிக்க வரும் அன்பர்களில் பலர் இங்கே இறங்கித் தேநீர் அருந்துவர். தலைசுற்றல் தீரச் சிறிது நேரம் காற்றாட நிற்பர். பிறகு பழக்கடைகளின் பக்கம் நடப்பர். மலைவாழை, பலா, அன்னாசி, மிளகு, காப்பிக்கொட்டை, தேன் என்று கண்ணில் படுவதெல்லாம் மலிவாகத் தோன்றும். மலிவு என்று தோன்றிவிட்டால் தேவை என்ற கேள்வி எழுவதில்லை. வீட்டில் உண்பவர் இருவரே ஆயினும் இரண்டு சீப்புக்குப் பதிலாக ஒரு தாரே வண்டியில் ஏறும். ஊர் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் பாதித் தார் கறுத்துக் கிடக்கும். அக்கம்பக்கத்தார் வீட்டிலும் அன்று அதே பழம் இருக்கும்.

அதே சந்தைக்கு மலைவாழ் மக்களும் வருகின்றனர். விளைந்ததைச் சுமந்து வருவர்; உப்பும் எண்ணெயும் துணியும் வாங்கித் திரும்புவர். அவர்கள் கொண்டுவரும் சுமை கனமானது. கொண்டுபோகும் சுமை இலேசானது. மலையேறி வரும் யாத்திரிகருக்கோ வரும்போது பை இலேசு, போகும்போது கனம். இந்த வேற்றுமையும் இப்போது குறைந்துகொண்டு வருகிறது என்பது உண்மையே. ஆனாலும் முற்றும் மறையவில்லை.

கொல்லிமலை என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் தோன்றுபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் வில்லாற்றலையும் கொடையையும் வன்பரணர் பாடினார். அவன் பெயரால் ஆடித் திங்களில் இம்மலையில் விழா நடைபெறுகிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலையும் உண்டு. வன்பரணரை நினைவுகூரும் அளவுக்கு இன்னொரு புலவரை மக்கள் நினைவுகூர்வதில்லை. கழைதின் யானையார் என்பது அவர் பெயர். புறநானூற்றில் 204ஆம் பாட்டு அவருடையது. அதுவும் ஓரியை நோக்கியே பாடப்பட்டது. அதில் அவர் நான்கு செயல்களை வரிசைப்படுத்துகிறார். இரப்பது தாழ்வு, இரந்தவனுக்கு இல்லை என்பது அதனினும் தாழ்வு. கொடுப்பது உயர்வு. அதனினும் உயர்வு எது? கொடுக்கப்பட்டதை வேண்டாம் என்று சொல்வது.

இதை யாரிடம் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கொடையினாலேயே பெயர்பெற்ற ஒருவனிடம், கொடையினும் மேலான ஒன்று உண்டு என்கிறார். சொல்பவரோ பரிசில் நாடி வாழ்ந்த புலவர் குடியைச் சேர்ந்தவர். வறுமையை நன்கு அறிந்தவர் வாயிலிருந்து வந்த சொல் அது. ஓரி பின்னர் மலையமான் திருமுடிக்காரியால் வீழ்த்தப்பட்டான். கொல்லி சேரனுக்கு உரியதாயிற்று. அரசு கைமாறியது, அந்த வரிசை மட்டும் மாறாமல் நிற்கிறது.

வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? பொருள் மிகுதியாக உள்ளவரால் என்று தோன்றும். உலக வழக்கு அப்படி இல்லை. மிகுதியாக உள்ளவர்க்கே மேலும் மேலும் வேண்டியிருக்கிறது. அளவு தெரிந்தவரே அந்தச் சொல்லைச் சொல்ல வல்லவர். அந்த அளவைக் கொல்லிமலை மக்களுக்குக் கற்பித்தது ஒரு சிறு தானியம்.

சாமை என்பது கடுகைவிடச் சற்றே பெரிதான மணி. நெல்லுக்கு வேண்டிய நீர் அதற்கு வேண்டா. மலைச்சரிவின் மெலிந்த மண்ணும் மழையும் போதும். கொல்லிமலையில் அதிலேயே பல வகைகளைப் பேணி வந்தனர். பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. எந்த நிலத்துக்கு எது, எந்தப் பருவத்துக்கு எது என்ற கணக்கும் உண்டு. கூடவே தினை, கேழ்வரகு, பனிவரகு. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். உமியோடு இருக்கும் வரையில் இத்தானியங்களைப் பூச்சி எளிதில் அண்டாது. ஆண்டுக் கணக்கில் கெடாமல் இருக்கும். மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பையில் கொட்டிவைத்து, வேண்டும்போது வேண்டிய அளவே எடுத்துக் குத்துவர். குத்திய அரிசி நெடுநாள் நில்லாது. ஆகவே இன்றைக்கு ஒரு படி என்றால் ஒரு படிதான். வீணாக்குவதற்கு அங்கே இடமே இல்லை. சிக்கனம் என்பதை யாரும் உபதேசமாகச் சொல்லவில்லை. தானியத்தின் இயல்பும் உலக்கையின் கனமும் அதைச் சொல்லிக் கொடுத்தன.

இவ்வாழ்க்கையைத் தொலைவில் நின்று புகழ்வது எளிது. உலக்கை பிடித்த கையைக் கேட்டால் வேறு கதை சொல்லும். சாமையின் உமி நீங்கப் பலமுறை குத்திப் புடைக்க வேண்டும். விடியுமுன் எழுந்து இதைச் செய்தவர்கள் பெண்கள். ஆகவே சாலை வந்து, அரிசி வந்தபோது, அவர்கள் உலக்கையை மூலையில் சாத்தியதில் குற்றம் காண யாருக்கும் உரிமை இல்லை. 2011ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது; எத்தனையோ அடுப்புகள் அணையாமல் இருப்பது அதனால்தான். வறுமையினால் குறைவாக உண்பதும் மனநிறைவினால் அளவாக உண்பதும் ஒன்றாகா. முன்னதைப் புண்ணியம் என்று பேசுவது வயிறு நிறைந்தவரின் பேச்சு.

மாற்றம் வேறொரு வழியிலும் வந்தது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வேண்டியிருந்தது. சாமை விளைந்த சரிவுகள் பலவற்றில் மரவள்ளி ஏறியது. சாமை விளைந்தால் வீட்டுக்கு உணவு. மரவள்ளி விளைந்தால் கைக்குப் பணம். பணம் தீயதன்று, பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அது வேண்டும். ஆனால் தொம்பையில் உள்ள தானியம் எவ்வளவு நாளுக்கு வரும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கையில் உள்ள பணம் எவ்வளவு நாளுக்கு வரும் என்று அப்படிச் சொல்ல முடிவதில்லை. ஏறத்தாழ பத்து மாதம் காத்திருந்து ஒரே நாளில் கைக்கு வரும் தொகை, வந்த வேகத்திலேயே கரையும். ஓய்வூதியமோ பிள்ளைகள் அனுப்பும் தொகையோ முதல் தேதியில் வந்து பத்தாம் தேதிக்குள் மெலிந்துபோவதைக் கண்ட கீழ்நாட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1990களில் தொடங்கி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியை மேற்கொண்டது. விதைகளைச் சேமிக்கும் ஏற்பாட்டோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் ஊர்களுக்கு வந்தன. சாமையை மீட்கப் பாட்டும் பிரசாரமும் மட்டும் போதா, பெண்களின் தோள்வலியைத் தீர்க்க வேண்டும் என்று கண்டுகொண்டதே அப்பணியின் சிறப்பு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரங்களில் சாமைக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. ஏழையின் உணவு என்று ஒதுக்கப்பட்டது, பளபளக்கும் உறையில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது. எளிமையையும் விலை கொடுத்து வாங்கும் காலம் இது!

அளவோடு வாழ்வதைக் கஞ்சத்தனம் என்று எண்ணுவோர் உண்டு. இரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மிச்சம் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பெரியபுராணத்தில் அரிவாட்டாய நாயனார் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. கணமங்கலத்தில் செல்வராய் வாழ்ந்தவர். செந்நெல் அரிசியும் கீரையும் மாவடுவும் நாள்தோறும் இறைவனுக்கு அமுதாகப் படைத்து வந்தவர். செல்வம் தேய்ந்தது. நிலம் போயிற்று. கூலிக்கு நெல்லறுக்கப் போனார். கூலியாகக் கிடைத்த செந்நெல்லைப் பெருமானுக்கு வைத்து, கார்நெல்லைத் தாம் உண்டார். பிறகு எங்கும் செந்நெல்லே கூலியாகக் கிடைத்தது. அதையும் முழுவதும் பெருமானுக்கே ஆக்கி, மனைவியார் கொல்லையில் பறித்துச் சமைத்த கீரையை உண்டார். கீரையும் தீர்ந்தபோது தண்ணீர். ஒருநாள் கால் தளர்ந்து விழ, அமுது நிலவெடிப்பில் சிந்தியது. அரிவாளால் தம் கழுத்தை அரியத் துணிந்த அவர் கையைப் பிடிக்க, அந்த வெடிப்பிலிருந்து ஐயனின் திருக்கரம் எழுந்தது; மாவடு கடிபடும் ஓசையும் உடன் கேட்டது.

இவ்வரலாற்றின் முடிவில் உள்ள அற்புதத்தையே அன்பர்கள் பெரிதும் நினைப்பர். அதற்கு முன் நாள்தோறும் நிகழ்ந்த கணக்கு அதனினும் கடினமானது. இது அவருக்கு, இது எனக்கு என்று பிரித்துவைத்த கை. அந்தப் பிரிவினையில் ஒருநாளும் தன் பக்கம் சாயாத கை. உடன் நின்ற மனைவியாரின் பங்கைப் பேசுவோர் குறைவு. வீட்டுக் கொல்லையில் கீரை தீர்ந்துபோவதை முதலில் கண்டவர் அந்த அம்மையாராகத்தானே இருந்திருப்பார்?

திருவள்ளுவரின் வைப்பு முறையும் எண்ணத்தக்கது. வரவு சிறிதாயினும் செலவு அகலாவிட்டால் கேடில்லை என்ற கருத்தை அவர் வைத்திருப்பது வலியறிதல் என்னும் அதிகாரத்தில். படைவலியும் துணைவலியும் பேசப்படும் இடம் அது. அதே அதிகாரத்தில்தான் அளவறிந்து ஈவதும் அளவறிந்து வாழ்வதும் வருகின்றன. தன் வருவாயின் எல்லையை அறிவது பகைவனின் வலியை அறிவதற்கு ஒப்பான காரியம் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

அந்த எல்லை மீறப்படுவது பெரும்பாலும் தனக்காக அன்று. பேத்தியின் திருமணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு முன் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அறுபதாம் கல்யாணத்துக்கு அழைத்தவர் எண்ணிக்கை பக்கத்து வீட்டாரைவிடக் குறையக் கூடாது என்பதற்காக. கோயில் காரியத்திலும் இது புகுந்துவிடுகிறது. உபயதாரர் பெயர் பலகையில் எவ்வளவு பெரிதாக வரும் என்று கேட்டுத் தொகை எழுதுவோரைக் காணாத ஆலயம் உண்டா? கடன் வாங்கிச் செய்யும் அபிஷேகத்தால் பெருமான் கூடுதலாகக் குளிர்வார் என்று எந்த ஆகமமும் விதிக்கவில்லை. பல குடும்பங்களில் முதியோரின் மருந்துச் செலவுக்கு வைத்திருந்த வைப்புத்தொகையே இவ்வாறு கரைகிறது. பிறகு மகனிடமோ மருமகளிடமோ கை நீட்ட நேர்கிறது. கழைதின் யானையாரின் வரிசையில் முதற் செயலாக நிற்பது எது என்பது இங்கே நினைவுக்கு வரும். பெரியவர் வாய்திறந்து, “இவ்வளவு போதும், இதற்கு மேல் வேண்டாம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், இளையவர்கள் உள்ளூர மகிழ்வதே வழக்கம். அவர்களும் யாராவது அதைச் சொல்லக் காத்திருந்தவர்களே.

சோளக்காட்டிலிருந்து பெரியகோவிலூருக்கு மலைமேலேயே சாலை செல்கிறது. அங்கே அறம்வளர்த்த நாயகியோடு அறப்பளீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். அப்பர் பெருமான் கொல்லி அறைப்பள்ளி என்று குறிப்பிட்ட தேவார வைப்புத் தலம் இது. உழவன் ஒருவன் நிலத்தை உழுதபோது கொழு பட்டு வெளிப்பட்ட லிங்கம் என்பது தலவரலாறு; திருமுடியில் அத்தழும்பு உண்டு என்பர். உழுத புழுதியிலிருந்து வந்த இப்பெருமானை முன்னிறுத்தியே அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகத்தைப் பாடினார். நூறு பாடல்கள் கொண்ட அந்நூலில் பெரும்பகுதி இல்லறத்தார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான். வீட்டு நடப்பைப் பேசுவதற்குப் பொருத்தமான தெய்வம் என்று அவர் இவரைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

கோயிலை அடுத்து ஓடும் ஐயாற்றில் மீன்கள் திரிகின்றன. அறுத்த மீன் துண்டுகள் பொருந்தி உயிர்பெற்று ஆற்றில் துள்ளின என்று ஒரு வரலாறு வழங்குவதால், இவற்றை யாரும் பிடிப்பதில்லை. இறைவனின் அம்சமாகவே கருதிப் பொரி இடுகின்றனர். ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் முதிய முழங்கால்களுக்கு ஏற்றவை அல்ல. அவற்றை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, பெரியவர்கள் இந்தக் கரையில் அமர்ந்துவிடலாம். மூட்டையாகப் பொரி வாங்கிக் கொட்டத் தேவையில்லை. ஒரு கைப்பிடி தூவினாலே மீன்கள் கூடிவிடுகின்றன.