ரியோ கிராண்டே ஓரமாக – 6: மனைவி வெளியே, கணவன் உள்ளே

மெக்சிகோவின் வடக்கு எல்லையில், டெக்சாஸின் எல் பாசோவுக்கு நேர் எதிரே இருக்கிறது சியுதாத் ஹுவாரெஸ். ஊர் சுற்றிப் பார்க்கவென்று இங்கே வருகிறவர்கள் குறைவு. பாலைப் புழுதி, ஏற்றுமதித் தொழிற்சாலைகள், 2010-ஐ ஒட்டிய வருடங்களின் கொலைகள் தேடித்தந்த கெட்ட பெயர் – இவ்வளவுதான் வெளியே தெரிந்த ஹுவாரெஸ். பர்ரிட்டோ பிறந்தது எங்கள் ஊரில்தான் என்று உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். மெல்லிய கோதுமை ரொட்டிக்குள் காரமான இறைச்சியை அளவாக வைத்துச் சுருட்டித் தருவதைச் சாப்பிட்டபின், சோறும் பீன்ஸும் திணித்துத் தலையணை மாதிரி விற்கும் அமெரிக்கக் கடைகளின்மேல் எனக்கு மரியாதை போய்விட்டது. ஆனாலும் வெளியூர் ஆட்களை இங்கே இழுப்பது பர்ரிட்டோ இல்லை, அமெரிக்கத் துணைத்தூதரகம். மெக்சிகோ முழுவதற்கும் குடியேற்ற விசா தருகிற ஒரே இடம் இதுதான். அதை நம்பி மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள், போட்டோக் கடைகள், தூதரக வாசல்வரை வண்டி விடும் ஹோட்டல்கள் என்று ஒரு பேட்டையே எழும்பியிருக்கிறது. உள்ளே செல்போன் கூடாது. வெளியே அதை வாங்கி வைத்துக்கொள்வதும் ஒரு தொழில். பேட்டை சுத்தமாக இருக்கிறது, பேச்சில் மரியாதையும் இருக்கிறது. காசு கறக்கும் இடங்களில் இவை இரண்டும் பெரும்பாலும் குறைவதில்லை.

வரிசையில் நிற்பவர்களில் பலர் மெக்சிகோவிலேயே வசிப்பவர்கள். வேறு சிலர் சிகாகோவிலோ ஹூஸ்டனிலோ இருந்து வருகிறவர்கள். பல வருடம் முன்னால் விசா இல்லாமல் எல்லை தாண்டியவர்கள். பிறகு அமெரிக்கக் குடிமகளையோ குடிமகனையோ மணந்தவர்கள். அந்தக் கல்யாணத்தின் பேரில் கிரீன் கார்டு கேட்க உரிமை உண்டு, ஆனால் நாட்டை விட்டு வெளியே வந்து தூதரகத்தில்தான் கேட்க வேண்டும். அப்படி வெளியே காலெடுத்து வைத்த கணத்தில் 1996-ம் வருடச் சட்டம் ஒன்று பாய்கிறது. 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் அனுமதியின்றி இருந்திருந்தால் 3 வருடம் திரும்ப முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் 10 வருடம். சேர்ந்து வாழ அனுமதி கேட்கப் போவதே பிரிவுக்கான காரணமாகிவிடுகிறது. இந்த முட்டுக்கட்டையைக் கொஞ்சம் தளர்த்த 2013-ல் முன்கூட்டியே விலக்கு கேட்கும் ஏற்பாடு வந்தது. அமெரிக்கக் கணவனோ மனைவியோ கடும் துன்பத்துக்கு ஆளாவார் என்று நிரூபித்தால், கிளம்பும் முன்பே விலக்கு கிடைக்கும். பிள்ளைகள் படும் துன்பம் நேரடியாகக் கணக்கில் வராது. சமீப காலத்தில் இந்த மனுவுக்கு மட்டும் 3 வருடத்துக்கு மேல் காத்திருக்க நேர்கிறது. அத்தனையும் முடிந்து ஹுவாரெஸ் வந்தபின், ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி வேறொரு தடையைக் கண்டுபிடித்தால் கையில் இருக்கும் விலக்கும் ரத்து.

இந்தப் பேட்டையைப் பார்த்ததில் என் மனத்தில் உறுதிப்பட்டது ஒன்று: இங்கே தப்பான ஆளை விசாரிக்கிறார்கள். அந்நியர் உள்ளே வரலாமா என்பதுதான் கேள்வி என்று தூதரகம் நினைக்கிறது. தன் சொந்த நாட்டில் தான் தேர்ந்த துணையோடு ஒரு குடிமகள் வாழலாமா என்பதுதான் உண்மையில் அங்கே முடிவாகிறது. அந்தக் குடிமகளோ பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். அமெரிக்காவுக்குள்ளேயே கிரீன் கார்டு கேட்கும் தம்பதிகளை ஒரே அறையில் உட்காரவைத்துத்தான் வழக்கமாக விசாரிக்கிறார்கள். ஆகவே இருவரையும் கேட்கும் முறை அரசுக்குத் தெரியாததில்லை.

கள்ளக் கல்யாணங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, மறுக்கவில்லை. அதற்குத்தான் 1986-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு நிபந்தனையோடுதான் கார்டு. பிறகு இருவரும் சேர்ந்து மறுபடி நிரூபிக்க வேண்டும். பொய்க் கல்யாணத்துக்கு 5 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். மேலும், ஹுவாரெஸில் மாட்டிக்கொள்பவர்களின் கல்யாணத்தை அரசு ஏற்கெனவே நிஜமென்று ஒப்புக்கொண்டுவிட்டது. கல்யாணத்தின் பேரில் போட்ட முதல் மனு தேறியதால்தான் அவர்களால் இவ்வளவு தூரமாவது வர முடிந்தது.

சட்டத்தை மீறியவருக்குப் பரிசா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நியாயமான ஆத்திரம்தான், ஆனால் சட்டம் எல்லா மீறலையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. சுற்றுலா விசாவில் விமானத்தில் இறங்கி, கெடு தாண்டிப் பல வருடம் தங்கியவர் அமெரிக்கக் குடிமகளை மணந்தால், வேறு குற்றம் இல்லாதபட்சத்தில், ஊரைவிட்டு அசையாமல் அங்கேயே கார்டு வாங்கலாம். ஆற்றைக் கடந்து வந்தவர் மட்டும் இந்தப் பாலைவனத்துக்கு வர வேண்டும். விசா கிடைக்கிற வசதி இருந்தவருக்கு ஒரு நீதி, இல்லாதவருக்கு இன்னொன்று. போதாக்குறைக்கு, ஆறு கடந்தவர்களும் 1,000 டாலர் கூடுதலாகக் கட்டி உள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளச் சட்டப்பிரிவே இருந்தது. 2001 ஏப்ரல் 30-க்குள் மனு போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தேதிக்கு மறுநாள் மனு போட்டவருடைய மீறல் எப்படிப் பெரிதாகிவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லையில் யாரை விடுவது என்பது அரசின் முழு உரிமை, நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை என்பது கடைசி வாதம். 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்று ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. முன்யோஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கணவர் எல் சல்வடோர்க்காரர். அங்குள்ள தூதரகம் 2015-ல் அவருக்கு விசா மறுத்தது. குற்றக் கும்பலோடு தொடர்பு என்ற சந்தேகம்தான் காரணம் என்பது வழக்குப் போட்ட பிறகே வெளியே வந்தது. கணவரை உள்ளே அழைத்துவருவது அந்தப் பெண்மணியின் அடிப்படை உரிமை ஆகாது என்றது தீர்ப்பு. இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அமெரிக்க முன்னாள் படைவீரர் ஒருவரை மணந்த எலன் நாஃப் என்ற ஜெர்மன் பெண்ணை எல்லிஸ் தீவில் நிறுத்தினார்கள். ஆதாரம் ரகசியம், விசாரணை கிடையாது. 1950-ல் உச்ச நீதிமன்றம் அதற்கும் தலையாட்டியது. பத்திரிகைகளும் காங்கிரஸ் உறுப்பினர்களும் கூச்சல் போட்டதால் பிறகு விசாரணை நடந்தது. அந்த ரகசியத்தில் இருந்ததெல்லாம் காதுவழிச் செய்தி என்று தெரிந்து, 1951-ல் அவரை உள்ளே விட்டார்கள். அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டாத அதிகாரம் தவறும்போது, தவறியது யாருக்கும் தெரியாது என்கிறேன்.

பைடன் அரசு 2024 ஜூனில், அமெரிக்கக் குடிமக்களின் துணைகள் நாட்டுக்குள்ளிருந்தே மனு போட ஒரு வழி அறிவித்தது. டெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதே நவம்பரில் அதைச் செல்லாது என்றார். ஆகவே பேட்டையின் வியாபாரத்துக்குக் குறைவில்லை. மனு, விலக்கு, விசா, பிணையுறுதி, கார்டு என்று அரசுக்குக் கட்டுவது மட்டும், 2024-ல் ஏற்றிய கட்டணப்படி, சுமார் 2,100 டாலர். வக்கீல், மருத்துவப் பரிசோதனை, ஹோட்டல் தனி. இத்தனை வாங்கிக்கொள்கிற அரசு வாசலில் நிற்பவளுக்கு உள்ளே ஒரு நாற்காலி போடலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, அதன்மேல் அவள் ஒரு நீதிபதியிடம் முறையிட வழி விடலாம். இதற்கு நாடாளுமன்றம் மனம் வைத்தால் போதும், அரசியல் சாசனத்தைத் தொட வேண்டியதில்லை.