அங்கணத்தை அடைத்த மண்

அங்கணத்தில் விட்ட தண்ணீர் இறங்கவில்லை. அச்சங்குளத்தில் அந்த வீட்டில் எல்லாம் தொடங்கியது அங்கேதான். முதல் நாள் ஈர்க்குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தாள். மறுநாள் சோடா உப்பைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். மூன்றாம் நாள் சமையலறைச் சுவரின் அடியில் ஈரம் ஏறி உப்புப் பூத்ததும், வீட்டுக்காரர் பிளம்பருக்குப் போன் போட்டார்.

வந்தவர் வயதானவர். தரையைக் கொத்தி, குழாயை அறுத்து, உள்ளே இருந்ததை விரலால் வழித்தார். சோற்றுப் பருக்கை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. குழைந்த களிமண்.

"யாரு தாயி, அங்கணத்துல மண்ணைக் கரைச்சு ஊத்துனது?"

அவள் வாய் திறக்கவில்லை. மாமியார்தான் கண்ணால் முறத்தைக் காட்டினார். அதில் ஜிமிக்கிகளும் மணிகளும் காய்ந்துகொண்டிருந்தன.

அதற்கு முன் அவள் பட்டாசு வேலைக்குப் போனவள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தை அந்த வட்டாரம் மறக்கவில்லை. ஒரே மதியத்தில் அத்தனை பேர். அன்று அவள் வேறு ஆலையில் இருந்தாள். சத்தம் அங்கேயும் கேட்டது. அதன் பிறகு அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. காலையில் தூக்குச்சட்டியில் சோறு கட்டுவாள், பிறகு அதை வீட்டிலேயே திறந்து சாப்பிடுவாள். ஏன் போகவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள்.

2022-இல் வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களும் பாசிமணிகளும் சுடுமண் பொம்மைகளும் கிடைத்தன. பள்ளியிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்த மகள், "நம்ம ஊரு மண்ணுலயே செஞ்சிருக்காங்கம்மா" என்றாள். அவ்வளவுதான், போனில் வீடியோ பார்த்து உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் எடுத்தது கொல்லைக் கரிசல். அது காய்ந்தால் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கும் என்று கரிசல்காட்டுக்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் செய்து பார்த்தாள். பிறகு மண்பானை செய்பவர் ஒருவரிடம் கேட்டு, கண்மாய்க் களிமண்ணைச் சலித்து, கொஞ்சம் பொடிமணல் சேர்த்தாள். அது நின்றது. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பின் சமையலறைத் தரையில் வேலை. கையும் கருவியும் கழுவிய தண்ணீர் அங்கணத்துக்குள் போயிற்று.

பிளம்பர் திட்டவில்லை. "மண்ணு தண்ணியோட போயிரும்னு நெனைக்காத தாயி. வளைவுல உக்காந்துக்கிரும். ஏற்கெனவே உப்புத்தண்ணி, குழாய் உள்ளுக்குள்ள பாதி அடைஞ்சு கெடக்கு" என்றார். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாக பிவிசி போட்டார். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விட்டார். மிச்சக் குழாய் கையில் இருந்தது. பின்னால் மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையைப் பார்த்தார். "அங்க ஒரு பைப்ப இழுத்து விடட்டா?"

கழிவுக் குழாயே வேண்டாம், மூன்று வாளி போதும் என்று அவரே வழியும் சொன்னார். முதல் வாளியில் கை கழுவ வேண்டும். மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை இரண்டாவதில் ஊற்றி, அங்கே தெளிந்ததை மூன்றாவதில் ஊற்ற வேண்டும். மூன்றாவது வாளித் தண்ணீர் முருங்கைக்கு. அடியில் தங்கிய சேற்றைப் பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுபடி உருட்டலாம். கண்மாய்க்கு நடக்கிற நடை பாதியாகக் குறைந்துபோயிற்று.

குழாய் வந்ததும் கொட்டகைக்குத் தரை வேண்டியிருந்தது. தரை போட்டதும் சுவர். வீட்டு ரிப்பேருக்கு இது பழக்கம்தானே! சீட்டுப் பணம் முழுவதும் இதில் இறங்கியது. சண்டை வந்தது கதவில்தான்.

"பத்துக்குப் பத்து ரூமுக்கு எதுக்கும்மா ரெண்டு கதவு?" கொத்தனார் கேட்டார். வீட்டுக்காரரும் செலவைச் சொன்னார். அவள் மசியவில்லை. பட்டாசு அறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதவு, அதுவும் வெளிப்பக்கம் திறக்கிற கதவு. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. விதி அப்படி. உட்கார வைத்த இடங்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"மண்ணு வெடிக்காதேம்மா" என்றார் கொத்தனார்.

"தெரியும்ண்ணே. ரெண்டு வைங்க."

அவர் அதற்குமேல் பேசாமல் சுவரில் கோடு போட்டார். இரண்டாவது கதவு பழைய மரக்கடையில் வாங்கியது. நிறம் ஒத்துப்போகவில்லை.

மண் வெடிக்காது என்று கொத்தனார் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. ஈரம் மிச்சமிருக்கும் மணியை நெருப்பில் வைத்தால் உள்ளே நீராவி முட்டிப் படாரென்று தெறிக்கும். வெட்டவெளியில் இரும்பு டிரம்மில் எருவும் உமியும் அடுக்கி முதல் சூளை வைத்த அன்று, இரண்டு ஜிமிக்கிகள் அப்படித் தெறித்தன. எதிர்வீட்டு அக்கா கரண்டியும் கையுமாகத் தெருவுக்கே ஓடி வந்துவிட்டார். சின்னச் சத்தம்தான். ஆனாலும் அந்த ஊர்.

இப்போது கூடுதலாக ஒரு வாரம் நிழலில் காயவிடுகிறாள். தீ வைக்கும் முன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள். கூட வேலைக்குப் போன தோழிகள் மூன்று பேர் மதியத்தில் வந்து மணி கோத்துத் தருகிறார்கள். அவளோடு சேர்த்து நாலு. ஐந்தாவதாக வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்தாள்.

வேலை நடக்கும்போது இரண்டு கதவும் திறந்தே கிடக்கின்றன. ஆடு புகுந்து உமியைத் தின்றுவிடுகிறது என்று மாமியார் தினமும் திட்டுகிறார்.