குல்மார்க்: பிள்ளைகளின் முதல் பனி

ஸ்ரீநகரிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் வரை ஆப்பிள் தோட்டங்களும் இலையுதிர்ந்த பாப்ளர் மரங்களும் கூடவே வருகின்றன. அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டர்தான் மலைப்பாதை. நல்ல பனி விழுந்த நாளாக இருந்தால் நம் வண்டியைத் தங்மார்க்கிலேயே நிறுத்திவிட்டு, டயரில் சங்கிலி பூட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். அந்தச் சங்கிலியின் கடகடப்பில் பிள்ளைகளின் தூக்கம் கலைந்துவிடும். பைன் மரக்கிளைகள் பனியின் பாரத்தில் தாழ்ந்து நிற்பதை அவர்கள் கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்க்கத் தொடங்குவார்கள்.

குல்மார்க் புல்வெளியின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637. ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் நீலகிரியில் உறைபனியோடு நின்றுவிடுகிறது, இங்கே ஆள் புதையும் அளவுக்குப் பனி கொட்டுகிறது. நீலகிரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது, குல்மார்க் 34 பாகையில். அதோடு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் ஈரம் சுமந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதி, அந்த ஈரத்தைப் பனியாக இறக்கிவிடுகின்றன. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் அது முடிந்த பிறகு, பிப்ரவரியில் போவது நல்லது. குளிரின் கடுமை சற்றுத் தணிந்திருக்கும்; பனியும் தரையில் கனமாகச் சேர்ந்திருக்கும்.

குல்மார்க் என்றதும் எல்லோரும் கேட்பது கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியைத்தான். முதல் கட்டம் கோங்டூரி வரை, 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. இரண்டாம் கட்டம் அபர்வத் மலையின் தோளுக்கு, ஏறக்குறைய 3,900 மீட்டருக்குக் கொண்டுபோகிறது. சிறு பிள்ளைகளை அந்த இரண்டாம் கட்டத்துக்கு அழைத்துப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். மேலே காற்று மெலிந்திருக்கும். வீசும் வேகத்தில் முகம் எரியும். தலைவலிக்கிறதா, குமட்டுகிறதா என்று நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழ மட்டுமே தெரியும். பனிக்காகத்தான் போகிறோம் என்றால் அது கீழேயே இருக்கிறது. கிண்ணம்போல் வளைந்து கிடக்கும் அந்தப் புல்வெளி கோடையில் கோல்ஃப் மைதானம். குளிர்காலத்தில் அதன் சரிவுகள் எல்லாம் பிள்ளைகளுக்கே.

நாங்கள் போனபோது தங்கையின் பிள்ளைகள் இருவரும் கூட வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய கையோடு இருவருக்கும் பனியுருண்டை பிடிக்க வேண்டும். காலைக் குளிரில் அள்ளியதெல்லாம் உலர்ந்த மாவாகக் கைகளுக்கிடையே உதிர்ந்தது. “மாமா, இது ஒட்டவே மாட்டேங்குது!” என்று சின்னவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். கடுங்குளிரில் பனித்துகள்களின் மேல் ஈரம் இருப்பதில்லை. ஈரமில்லாமல் அவை ஒன்றையொன்று பற்றுவதும் இல்லை. நண்பகல் வெயில் ஏறியதும் அதே பனி பிடித்த பிடியில் நின்றது. காலையில் சறுக்கு, மதியம் பனிமனிதன் என்று நாளைப் பிரித்துக்கொண்டால் யாரும் அழ வேண்டியதில்லை.

சறுக்குவதற்கு மரத்தாலான ஸ்லெட்ஜ். அதை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தங்மார்க்கிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள். பிள்ளையைப் பலகையில் உட்காரவைத்துக் கயிற்றால் மேட்டுக்கு இழுத்துப் போவார்கள். இறங்கும்போது தாங்களே முன்னால் அமர்ந்து, கால்களைப் பனியில் ஊன்றி வேகத்தை அடக்குவார்கள். முன்னால் அகலமான ஒரு முதுகு மறைப்பாக இருப்பதால் முதல் தடவை பயந்த பிள்ளை இரண்டாம் தடவை தானாகக் கேட்கும். கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்; பேசியதற்கு மேல் கொஞ்சம் கொடுங்கள். ஓர் ஆளைப் பனிமேட்டில் இழுத்து ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கயிற்றைப் பத்தடி தூரம் இழுத்துப் பார்த்தாலே தெரியும்.

உடை விஷயத்தில் நம் ஊர் ஸ்வெட்டரை நம்ப வேண்டாம். தங்மார்க்கில் நீளக் கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் பிள்ளைகளின் அளவுக்கு வீட்டிலிருந்தே கொண்டுபோவது நிம்மதி. கையுறை இரண்டு ஜோடி வேண்டும். நனைந்த கையுறை வெறுங்கையைவிட மோசம். பருத்தி உள்ளாடை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் தெர்மல் போடுங்கள். பலர் மறப்பது கறுப்புக் கண்ணாடியை. புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில்.

ஊரின் நடுமேட்டில் மகாராணி கோயிலை 1915இல் கட்டினார்கள். ஒரு முஸ்லிம் பெரியவர் பல ஆண்டுகள் அதைப் பராமரித்து, வந்தவர்களுக்குப் பிரசாதமும் கொடுத்துவந்தார். 2024 ஜூனில் தீ விபத்தில் அந்த மரக்கட்டடம் எரிந்தபோது பள்ளத்தாக்கில் எல்லாச் சமயத்தாரும் வருந்தினார்கள். சற்றுத் தள்ளி 1902ஆம் ஆண்டின் புனித மரியாள் தேவாலயம். பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கினால் பாபா ரேஷி தர்கா. பிள்ளைகளின் கால் ஓயும் பொழுதில் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம், இரண்டையும் வேண்டாம்.

2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை. அந்த மாதத்தின் பெரும்பகுதி சரிவுகள் பழுப்புப் புல்லாகக் கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். ஆனால் ஸ்லெட்ஜ்காரருக்கும் குதிரைக்காரருக்கும் போனது அந்தப் பருவத்தின் வருமானம். இப்போதெல்லாம் குளிர்காலம் முன்போல் நாள் தவறாமல் வருவதில்லை என்று அங்கே கேட்ட ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஆகவே பயணத் தேதியை முன்பின் நகர்த்த இடம் வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் தங்குமிடத்தில் பனி நிலவரத்தைக் கேளுங்கள். ஸ்ரீநகரில் ஓர் இரவு தங்கி, உயரம் பிள்ளைகளுக்குப் பழகியபின் ஏறுங்கள். முடிந்தால் மேலேயும் ஓர் இரவு தங்குங்கள். அன்றே திரும்புவதானால் மாலை நான்குக்குள் இறங்கிவிட வேண்டும். பகலில் உருகிச் சாலையில் ஓடிய நீர் வெயில் மறைந்ததும் கண்ணாடியாக உறைந்துவிடும். சங்கிலி பூட்டிய வண்டியும் அதில் வழுக்கும்.