சுமையேற்றிப் பார்த்தல்

எமது கல்லூரியின் ஆய்கூடத்தில் மின்காந்தத்தையும் உவோற்றுமானியையும் கையாண்ட காலத்தில், அவை பரீட்சைக்குரிய பொருள்கள் என்பதற்கு மேலாக நாம் எண்ணினோமல்லோம். அவை ஒரு வீட்டின் குடிநீரையே காக்கவல்லன என்பதை மயிலிட்டியிலே கண்டறிந்தோம். அதனை இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவ அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். 2017இல் துறைமுகத்தை அண்டிய காணிகள் விடுவிக்கப்பட்டபின் திரும்பியவர்களுள் எமது சிற்றப்பாவும் ஒருவர். பற்றை மூடிய வளவைத் துப்புரவாக்கி, தூர்ந்த கிணற்றைத் தோண்டி இறைத்து, சிறியதொரு வீட்டையும் எழுப்பினார். தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் மோட்டார் தானாகவே நிற்கும்படி றிலேப் பெட்டியொன்றையும் பூட்டுவித்தார்.

றிலே என்பது சிறிய மின்னோட்டத்தினாற் பெரிய மின்னோட்டத்தை ஆளும் கருவி. அமெரிக்க விஞ்ஞானி யோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டளவில் இதன் தத்துவத்தைச் செய்து காட்டினார். தாங்கியில் நீர் குறைந்தால், மிதவை ஆளி 12 உவோற்று மின்னைச் சுருளுக்கு விடும். சுருள் காந்தமாகி இரும்புத் தகட்டை இழுக்கும். உடனே 230 உவோற்றுத் தொடுகைகள் சேர, மோட்டார் ஓடும்.

சிற்றப்பா வீட்டுப் பெட்டியோ வண்டுபோல் இரைந்தது. தகடு உறுதியாக ஒட்டாது துடித்தது. ஒவ்வொரு துடிப்பிலும் தொடுகைகளிடையே பொறி பறந்தது. ஈற்றில் அவை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தாங்கி நிரம்பி வழிந்தும் மோட்டார் இரவு முழுவதும் ஓடிற்று. திருத்த வந்தவர்கள் மூன்று தடவை றிலேயை மாற்றினர். மூன்றும் அவ்வாறே கெட்டன. "தம்பி, கிணத்துத் தண்ணி உவர்க்குது" என்று சிற்றப்பா சொன்னபோது அவர் குரல் தளர்ந்திருந்தது.

அத்தளர்ச்சிக்குக் காரணம் உண்டு. வற்றாத ஆறு இல்லாத எமது குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிலே தங்கும் மழைநீரே நன்னீர். கரையோரங்களில் அது கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. ஆதலால் அளவுக்கு மிஞ்சி இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் மேலெழும். 27 ஆண்டுகளின் பின் மீண்ட கிணற்றை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி கெடுத்துக்கொண்டிருந்தது.

முன்னர் வந்தவர்கள் சுருளைக் கழற்றிவிட்டு மின்வழங்கியை அளந்து, 13 உவோற்றுக் கண்டு, "மின் சரி, றிலேதான் பிழை" என முடிவுகட்டினர். நாம் சுருளைப் பூட்டியபடியே அளந்தோம். மானி 7 உவோற்றையே காட்டிற்று. 400 ஓம் தடையுள்ள 12 உவோற்றுச் சுருள் 30 மில்லியம்பியர் வேண்டும். தகட்டை உறுதியாக இழுக்க ஏறக்குறைய 9 உவோற்றாவது தேவை. வழங்கியின் கொள்ளளவி, தகரக் கூரையின் வெக்கையிற் காய்ந்துபோயிருந்தது. சுமை இல்லாதபோது எஞ்சிய சிறு கொள்ளளவமே அழுத்தத்தைத் தாங்கி நின்றது. சுமை ஏறியதும் மின் செக்கனுக்கு 100 தரம் ஏறி இறங்கிற்று. இரைச்சலின் காரணம் அதுவே. 1000 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றைப் புதிதாகப் பற்றாசு வைத்தோம். சுமையோடு 12 உவோற்று நின்றது. நான்காவது றிலே ஓசையின்றி ஒட்டிற்று.

இத்தகைய குறை காண்போர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். முதலில் 230 உவோற்றுப் பக்கத்தைத் துண்டித்துவிடுக. சுருளைப் பூட்டியபடியே அதன் முனைகளில் அளக்க. பின்னர் வழங்கியின் முனைகளில் அளக்க. இரண்டிடத்திலும் குறைவாயின் குறை வழங்கியில் இருக்கும். வழங்கியில் 12 நின்று சுருளிற் குறைந்தால் இடைக்கம்பியிலோ மூட்டிலோ தேடுக. கடற்காற்றில் மூட்டுக்களிற் பச்சைக் களிம்பு ஏறும். அது 250 ஓம் தடையாக நின்றாலே சுருளுக்கு 7.4 உவோற்றுத்தான் எட்டும். சுருளுக்குக் குறுக்கேயுள்ள இருவாயி தலைமாறிப் பூட்டப்பட்டிருந்தாலும் வழங்கி குறுஞ்சுற்றாகி வீழ்ந்துவிடும். இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே றிலேயை ஐயுறுக.

இரவில் மோட்டார் ஓய்ந்தது. மாரி மழை இரண்டு பெய்தபின் கிணற்றின் உவர்ப்பும் தணிந்தது. ஒன்றும் கேளாதபோது நிறைவாகக் காட்டுவதை வலிமையெனக் கொள்ளாது, சுமை ஏறும்போது எவ்வளவு நிற்கின்றது என்பதையே அளக்கவேண்டும். இதனை எமது பௌதிக ஆசிரியர் ஒரு மின்கலத்தை வைத்து அன்றே காட்டியிருந்தார். அவர் கற்பித்த பாடம் மயிலிட்டியிற் சுமையேறியபோதும் குறையாது நின்றது.