விலாசம் வெட்டிய பாத்திரங்கள்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த நகரத்தார் வீடு. அதன் பாகப்பிரிவினை வழக்கை 1990களில் நடத்தினேன். என் கட்சிக்காரர் அறுபதைக் கடந்த ஆச்சி. பிரதிவாதிகள் அவருடைய அண்ணன்கள் இருவர். தேக்குத் தூண்கள், கதவு நிலைகள், உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் ஒட்டுமொத்தமாக விலை பேசிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஆச்சி என்னிடம் வந்தார். "வீடு போனாப் போகுது வக்கீலய்யா, எங்க ஆத்தா சாமானையும் சேத்து நிறுத்து விக்கிறாக" என்றார்.

அன்றைய சட்டம் அவருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம், 25.3.1989க்கு முன் மணமானவர்களை விலக்கி வைத்திருந்தது. தகப்பனார் பங்கில் வாரிசு என்ற முறையில் அவருக்கு உரிமை உண்டு. அதையும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி மறித்தார்கள். குடும்பத்தார் முழுமையாகக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க முடியாது என்றது அந்தப் பிரிவு. யாருமே வாழாத வீட்டுக்கு அந்தத் தடை எப்படிப் பொருந்தும் என்பது எங்கள் வாதம்.

அதை நிரூபிக்கவும் சாமான்களைக் காப்பாற்றவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26 விதி 9, கட்டளை 39 விதி 7 ஆகியவற்றின் கீழ் மனுச் செய்தோம். நீதிமன்றம் அட்வகேட் கமிஷனரை நியமித்தது. இரு தரப்பும் கூடியிருக்க, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் பூட்டுத் திறக்கப்பட்டது.

முகப்பில் வௌவால் எச்சம். வளவில், அதாவது உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கற்கள் மீது புழுதி. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. இரண்டாங்கட்டு அடுப்புகளில் கறையான் புற்று. இவை ஒவ்வொன்றையும் கமிஷனர் எழுதிக்கொண்டார். எங்கள் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

அத்தகைய வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவை ஒட்டித் தனி அறை உண்டு, சமையலும் தனி. ஆச்சியின் பெற்றோருக்குரிய அறையைத் திறந்ததும் வெண்கலப் பானைகள், தவலைகள், குத்துவிளக்குகள், மங்குச் சாமான்கள், ஓலைக் கொட்டான்கள் என்று அடுக்கடுக்காக இருந்தன. "எல்லாம் அப்பச்சி வாங்கிப் போட்டது" என்று தகப்பனாரைச் சொன்னார் மூத்த அண்ணன். கமிஷனர் ஒரு தவலையைத் துடைத்து, அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினார். அதில் வெட்டியிருந்தது அந்த வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் அடையாள எழுத்துகள், அல்ல. தாயாரின் பிறந்த வீட்டு விலாசமும் அவர் பெயரின் முதலெழுத்தும். மரப்பெட்டியின் அடியில், சீர் கொடுத்தபோது எழுதிய நோட்டு கிடைத்தது. பாத்திரத்தின் பெயர், எடை, எண்ணிக்கை எல்லாம் வரிசையாக இருந்தன. கமிஷனர் ஒவ்வொன்றாக ஒப்பிட, அண்ணன்களும் கையெழுத்திட்டார்கள்.

வழக்கின் போக்கை மாற்றியது அந்தப் பட்டியல்தான். சீதனம் பெண்ணின் முழு உரிமைச் சொத்து. கணவருக்குப் பின், உயில் எழுதாமல் தாயார் இறந்திருந்ததால், வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி மூன்று பிள்ளைகளுக்கும் அது சமம். 1989 தேதியும் 23ஆம் பிரிவும் இதில் குறுக்கே வர முடியாது. அறிக்கை தாக்கலான பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞரே பேச வந்தார். தகப்பனார் பங்கில் ஆச்சிக்குரியதைப் பணமாகத் தருவது, தாயார் சாமான்களை மூன்றாகப் பிரிப்பது, அவற்றை வியாபாரியின் பேரத்திலிருந்து நீக்குவது என்று சமரச மனு போட்டோம். அதன்படி தீர்ப்பாணை வந்தது.

2005ஆம் ஆண்டுத் திருத்தம் 23ஆம் பிரிவை நீக்கி, மகள்களுக்கும் மகன்களைப் போலவே பிறப்புரிமை தந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்றைக்கு இருந்தால் ஆச்சியின் வாதம் எளிதாகியிருக்கும். ஆனால் வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது. உருக்கிவிட்ட தவலைக்கு என்ன இருக்கிறது? ஆகவே பூர்வீக வீட்டைப் பூட்டும் குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சாவியை யாரிடமாவது கொடுக்குமுன் பெண்மக்களையும் கூப்பிட்டு, அறை அறையாகப் படம் எடுத்து, யார் கொண்டுவந்த பொருள் என்று பட்டியலிட்டு, எல்லோரும் கையெழுத்திடுங்கள். அந்த வீட்டில் வாழ்ந்த பெண்களின் சொத்துக்குப் பெரும்பாலும் அதைத் தவிர வேறு ஆவணம் கிடையாது.